தம்பிக்கு ஜாமீன்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. பைக் திருட்டு வழக்கில் பிடித்து ஆர்தர் ரோடு ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். போன வருடம் ஒரு அடிதடி கேஸில் மாமா ஜாமீன் கொடுத்து வெளியே எடுத்தார். தம்பி வாய்தாவுக்கே போகவில்லை, வாரண்ட் ஆகி மாமா வீட்டுக்குக் கோர்ட் நோட்டீஸ் வந்தது. என் வீட்டுக்காரருக்கு மாநகராட்சியில் நிரந்தர வேலை, அவர் சம்பளச் சீட்டை வைத்து எடுக்கச் சொல்லி அம்மா தினமும் அழுகிறார். இல்லாவிட்டால் ரூம் பேப்பரை, அதாவது வீட்டுக்கான ஆவணங்களை, வட்டிக்காரரிடம் வைப்பாராம். இவரோ அந்தப் பேச்சையே எடுக்காதே என்கிறார். திருநெல்வேலியில் நிலம் வைத்திருக்கும் பெரியப்பா தயார், ஆனால் வெளியூர் ஜாமீன் செல்லாது என்கிறார்கள். கொஞ்ச நாள் உள்ளே இருந்தால்தான் புத்தி வரும் என்றும் எனக்குத் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: தம்பியை எடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சம்பளச் சீட்டை வைத்து மட்டும் வேண்டாம். இரண்டையும் ஒரே விஷயமாக நினைப்பதால்தான் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறீர்கள்.

முதலில் அந்த 'புத்தி வரும்' பேச்சு. அவனுக்கு இன்னும் தண்டனை கொடுக்கவில்லை, அவன் விசாரணைக் கைதி. நம் நாட்டு ஜெயில்களில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இப்படித் தீர்ப்பு வராமலே உள்ளே இருப்பவர்கள்தான். அதிலும் ஆர்தர் ரோடு 1926-ல் கட்டியது, அதன் கொள்ளளவைப் போலப் பல மடங்கு கூட்டம், நெருக்கியடித்துப் படுக்கிற இடத்தில் இவனைவிடப் பைக் திருட்டில் தேறினவர்கள் பக்கத்திலேயே படுத்திருப்பார்கள். என்ன பாடம் படித்துவிட்டு வருவான் என்று நினைக்கிறீர்கள்?

சரி, கையெழுத்துக்கு வருவோம். ஜாமீன்தாரராக நிற்பது என்றால், 'இவன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவான், வராவிட்டால் இந்தத் தொகையை என்னிடம் வசூலித்துக்கொள்ளுங்கள்' என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பது. திருடினானா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை, வருவானா மாட்டானா என்பதுதான். அதற்குத் தம்பி போன வருடமே பதில் சொல்லிவிட்டானே! உங்கள் வீட்டுக்காரர் மாமாவின் கதையைக் கண்ணால் பார்த்தவர். அவரைக் கல்நெஞ்சக்காரர் ஆக்காதீர்கள்.

வக்கீலிடம் ரொக்க ஜாமீன் கேட்கச் சொல்லுங்கள். ஜாமீன்தாரருக்குப் பதிலாகப் பணத்தைக் கோர்ட்டிலேயே கட்ட மாஜிஸ்திரேட் அனுமதிக்கலாம், மும்பையில் இது சகஜம். சில சமயம் இப்போதைக்குப் பணம் கட்டு, சில வாரத்துக்குள் ஆள் ஜாமீன் கொண்டு வா என்பார்கள், அதனால் உத்தரவை ஒழுங்காகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டிய பணம் வழக்கு முடிந்ததும் திரும்பி வரும், அவன் டிமிக்கி கொடுத்தால் போய்விடும். ஆக, போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையா என்பதுதான் கணக்கு. அம்மா தன் வளையலை விற்கிறார் என்றால் அது அவர் இஷ்டம். ரூம் பேப்பர் கூடவே கூடாது. மறுசீரமைப்பு, சர்வே என்று தாராவியே பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற காலத்தில் அதைப் போய் வட்டிக்காரரிடம் கொடுப்பார்களா?

பெரியப்பா விஷயம். 1978-லேயே மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவர் அண்ணன் கொண்டுவந்த ஜாமீனைச் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு தமிழனோ மலையாளியோ சாந்தினி சௌக்கில் கைதானால் என்ன செய்வான் என்று தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார். கடைசியில் வேறு ஜாமீன்தாரர் இல்லாமல் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அந்தக் கொத்தனாரை விடச் சொன்னார்கள். இருந்தும் உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்பது கோர்ட்டுகளில் இன்னும் ஓயவில்லை, வக்கீல் வாதாடித்தான் வாங்க வேண்டும். பெரியப்பாவிடமும் மாமாவுக்கு வந்த நோட்டீஸை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஜாமீன் போட்டவர் பின்னால் மனு கொடுத்து விலகிக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட அவசரமானது அந்தப் பழைய வாரண்ட். அது நிலுவையில் இருந்தால் பைக் வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் ஆள் வெளியே வருவது நிச்சயமில்லை, அந்தக் கோர்ட்டிலும் தனியாக மனு போட வேண்டியிருக்கும். இரண்டு வழக்கின் நம்பரையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-க்கு போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ம் வருடச் சட்டம். கோர்ட் வாசலில் 'ஜாமீன் ஆள் நான் ஏற்பாடு செய்கிறேன்' என்று வருகிறவனிடம் நின்று பேசவே வேண்டாம், அவன் கொண்டுவரும் ஆள் காட்டுகிற போலி ரேஷன் கார்டு கேஸில் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம், கோர்ட் அவனை முதலில் ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்கச் சொன்ன, தேதியை எழுதி வையுங்கள். இந்த மாதிரித் திருட்டு வழக்கில், முதல் ரிமாண்டிலிருந்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை.

உத்தரவு கிடைத்த அன்றே வந்துவிடுவான் என்று அம்மாவை ஜெயில் வாசலில் நிறுத்தாதீர்கள். விடுதலைக் காகிதம் சாயங்காலத்துக்குள் ஆர்தர் ரோடு வாசலில் இருக்கும் ஜாமீன் பெட்டியில் விழவில்லை என்றால் மறுநாள்தான்.