வெயில் காட்டியும் நிமிராத கால்கள்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு நான்கு வயது. கால்கள் வில்லாய் வளைந்திருக்கின்றன. தினமும் வெயிலில் நிறுத்தியும் வைட்டமின் டி கொடுத்தும் பயனில்லை. என் கணவருக்கும் இதே கால்கள்தான். பரம்பரை ரிக்கெட்ஸ் (எலும்பு உறுதிப்படாமல் வளையும் நோய்), எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது என்று மருத்துவர்கள் சொல்லி, பாஸ்பேட்டும் கால்சிட்ரியாலும் தந்திருக்கிறார்கள். "ஹார்மோன் மருந்து பெண் குழந்தைக்கு ஆகாது, நிறுத்து" என்கிறார் மாமியார். பாஸ்பேட் மட்டும் போதாதா?

ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

நிறுத்தாதீர்கள். கால்சிட்ரியால் நம் எல்லோருடைய சிறுநீரகமும் வைட்டமின் டியிலிருந்து தயாரிக்கும் ஹார்மோன்தான். பூப்படைவதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகளின் எலும்புகள் எஃப்ஜிஎஃப்23 என்ற இன்னொரு ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. அது எலும்பை உறுதியாக்கும் பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. கால்சிட்ரியால் உற்பத்தியையும் ஒடுக்குகிறது. எவ்வளவு வெயில் பட்டாலும் கடைசிப் படியில் தடை. உங்கள் வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை.

பாஸ்பேட்டை மட்டும் கொடுத்தால் இரத்தத்தில் கால்சியம் சற்றே இறங்கும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி தூண்டப்படும், அது மறுபடியும் பாஸ்பேட்டை வெளியேற்றும். கனடாவின் மான்ட்ரியலில் குளோரியூ என்ற மருத்துவரின் குழு 1980இல் வெளியிட்ட ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். இத்தகைய நோயாளிகளின் எலும்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். பாஸ்பேட்டோடு சாதாரண வைட்டமின் டி கொடுத்தபோது எலும்பு வளரும் முனைகள் தேறின. உள்ளெலும்பில் தாது சரியாகப் படியவில்லை. கால்சிட்ரியாலுக்கு மாற்றிய பிறகுதான் அங்கும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

அஞ்ச வேண்டியது வேறொன்று. கால்சிட்ரியால் மிகுந்தால் சிறுநீரில் கால்சியம் கூடி, சிறுநீரகத்தில் படியலாம். எனவே இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளையும் சிறுநீரக ஸ்கேனையும் மருத்துவர் சொன்ன தேதியில் செய்துவிடுங்கள். பாஸ்பேட் சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து இறங்கிவிடும். அதனால்தான் நாளுக்குப் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், பாலிலுள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். வயிறு கலங்கினால் அளவை நீங்களாகக் குறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எஃப்ஜிஎஃப்23ஐயே முடக்கும் புரோசுமாப் என்ற ஊசிக்கு அமெரிக்கா 2018இல் அனுமதி தந்தது. குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவது. பழைய மருந்துகளைவிட ரிக்கெட்ஸை நன்றாக ஆற்றுகிறது, ஆனால் விலை மலைக்க வைக்கும். மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இவ்வகை நோய் தந்தையிடமிருந்து எல்லா மகள்களுக்கும் வரும், மகன்களுக்கு வராது. உங்கள் கணவருக்கு எலும்பு வலியோ, சொத்தையில்லாத பல்லில் சீழோ இருந்தால், அவரையும் அதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.