உப்புக்காற்றும் உத்தரவாத அட்டையும்

கேள்வி: மெரினாவில் படம் எடுக்கும்போது லென்ஸில் சாரல் பட்டது. காய்ந்த பிறகு சட்டை நுனியால் துடைத்தேன். இப்போது கண்ணாடி முழுக்கக் கீறல். வாரண்டியில் மாற்றித் தருவார்களா? (திருவல்லிக்கேணி)

பதில்: தரமாட்டார்கள்.

கேள்வி: கடலோரத்தில் எடுத்தபின் லென்ஸைத் துடைக்க 900 ரூபாய்க்கு ஒரு கிட் சொல்கிறார்கள். வாங்கலாமா? (நாகப்பட்டினம்)

பதில்: வேண்டாம். கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் புளோயர் ஒன்று, மைக்ரோஃபைபர் துணி இரண்டு. அது போதும். சாரல் காய்ந்தால் தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே பரல் பரலாக நிற்கும். அதன்மேல் துணியைத் தேய்ப்பதும் உப்புத்தாளைத் தேய்ப்பதும் ஒன்று. முதலில் காற்றடித்து மணலைத் தள்ளுங்கள். ஒரு துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, அழுத்தாமல் ஒற்றுங்கள். உப்பு கரைந்து வந்துவிடும். பிறகு உலர்ந்த துணி. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். கேமராவின் வெளிப்புறத்தையும் அன்று இரவே இப்படித் துடையுங்கள். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு திருகுகளை அரிக்கும்.

கேள்வி: 'யுவி ஃபில்டர் கட்டாயம்' என்று 300 ரூபாய்க்கு ஒன்றை மாட்டிவிட்டார் கடைக்காரர். சூரிய உதயப் படங்களில் எல்லாம் பச்சைப் புள்ளி விழுகிறது. லென்ஸ் பழுதா? (ராமேசுவரம்)

பதில்: பழுது லென்ஸில் இல்லை, ஃபில்டரில். காசிமேட்டில் ஒரு விடியற்காலை முழுக்க நான் எடுத்த படங்கள் இதே மலிவு ஃபில்டரால் வீணாயின; அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. யுவி என்பது புற ஊதாக் கதிர்; அது ஃபிலிமைப் பாதிக்கும். டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் அதைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே இன்று அந்த ஃபில்டருக்குக் காவல் வேலை மட்டும்தான். கடற்கரையில் அந்தக் காவல் தேவை, ஆனால் 'மல்டிகோட்டட்' (பல அடுக்குப் பூச்சு) என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பியடிக்கும். அதுதான் உங்கள் பச்சைப் புள்ளி. காற்றும் சாரலும் இல்லாத நேரத்தில் சூரியனைப் பார்த்து எடுத்தால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். லென்ஸ் முனையில் வெயிலை மறைக்கும் ஹூடை மட்டும் கழற்றாதீர்கள்.

கேள்வி: 'வாட்டர்ப்ரூஃப் லென்ஸ், படகில் போய்க்கூட எடுக்கலாம்' என்று சொல்லி 62,000 ரூபாய்க்கு விற்றார்கள். சாரல் உள்ளே இறங்கிவிட்டது. சர்வீஸ் சென்டரில் 'நீர்ச் சேதத்துக்கு வாரண்டி இல்லை' என்கிறார்கள். சென்னைக் கடைக்காரரோ தான் அப்படிச் சொல்லவேயில்லை என்கிறார். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் பில்லும் என்னிடம் இருக்கின்றன. (கடலூர்)

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. இந்த 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்மேல் எனக்குப் பல வருடக் கோபம். தயாரிப்பாளர்கள் 'தூசி, துளிகளைத் தாங்கும்' என்ற அளவில்தான் எழுதுகிறார்கள். கேனனின் 17-40 மி.மீ. எல் லென்ஸ் போன்ற சிலவற்றில் முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் அந்தக் காப்பே முழுமையாகும். மாட்டும் கேமராவுக்கும் அதே காப்பு இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் சொல்லாமல், கவுன்ட்டரில் ஒரே சொல்லில் விற்றுவிடுகிறார்கள். நம்பி வாங்கியவர் சேமிப்பை இழக்கிறார்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை. சர்வீஸ் சென்டர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் புகார் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் 4,000 ரூபாய் குறைக்கிறார்களாம். (தூத்துக்குடி)

பதில்: மேலே உள்ள கடிதத்தைப் படியுங்கள். அவர் கையில் பில் இருக்கிறது.

கேள்வி: கடலோர ஊரில் ஒருவர் பழைய லென்ஸை விற்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? (காரைக்கால்)

பதில்: பூஞ்சையை. வெளியே பளபளவென்று இருந்த ஒரு லென்ஸை 11,000 ரூபாய்க்கு வாங்கி, வீட்டில் வந்துதான் உள்ளே பூஞ்சை படர்ந்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து, மறுபக்கம் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல் ஏதாவது தெரிந்தால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.