அடகுச் சீட்டும் ஆறங்குலக் கண்ணாடியும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 41. கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 27,000 ரூபாய். அம்மா, மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஆகிய மூவரும் என் வருமானத்தை நம்பியே இருக்கிறார்கள். அப்பா இறந்தபோது எனக்கு வயது 20. இயற்பியல் பட்டப்படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தேன். தம்பியைப் படிக்க வைத்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவன் வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காக மனைவியின் ஒன்பது பவுன் நகையை அடகு வைத்து, ஒன்றரை வட்டிக்கு 1,80,000 ரூபாய் வாங்கிக் கொடுத்தேன். இன்றுவரை வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறேனே தவிர, நகையை மீட்க முடியவில்லை. தம்பி நன்றாக இருக்கிறான். அவனாகத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டாம் வகுப்பில் பள்ளியிலிருந்து எங்களைச் சூரிய வானாய்வகத்துக்கு அழைத்துச் சென்று, வெள்ளைத் தாளில் விழுந்த சூரிய பிம்பத்தில் கரும்புள்ளிகளைக் காட்டினார்கள். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. சொந்தமாக ஒரு தொலைநோக்கி செய்ய வேண்டும் என்று, ஓராண்டாகப் பின்கட்டில் ஒரு பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடந்து, அதன் மேல் வைத்த ஆறங்குலக் கண்ணாடி ஒன்றைக் கார்பரண்டம் என்னும் கடினமான தேய்ப்புப் பொடியால் தேய்த்துக் குழித்து, இப்போது மெருகேற்றும் கட்டத்துக்கு வந்திருக்கிறேன். பழைய கண்ணாடித் துண்டு என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். நகையை மீட்பதற்காகப் போட்ட சீட்டில் 50,000 ரூபாய் கைக்கு வந்ததை மனைவியிடம் சொல்லாமல் அதிலிருந்து 22,000 ரூபாயை இதற்குச் செலவிட்டதுதான் என் தவறு. மூன்று வாரங்களுக்கு முன் ரசீது அவள் கையில் சிக்கியது. "உங்களுக்கு வானம், எனக்கு வட்டி" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு சரியான பேச்சு இல்லை.

பூம்பாறைப் பக்கம் விருந்தினர் இல்லம் நடத்தும் நண்பர் ஒருவர், வேலையை விட்டுவிட்டு 2,00,000 ரூபாய் போட்டுப் பங்காளியானால், சுற்றுலாப் பயணிகளுக்கு இரவு வானத்தைக் காட்டிச் சம்பாதிக்கலாம் என்கிறார். 21 ஆண்டுகள் குடும்பத்துக்காகவே வாழ்ந்துவிட்டேன். இனியாவது எனக்காக வாழக் கூடாதா?

*

அன்புள்ள நண்பருக்கு,

வாழலாம். ஆனால் உங்கள் மனைவி எழுப்பிய கேள்வி அதுவன்று. நீங்கள் வானம் பார்ப்பதை அவர் குறை சொல்லவில்லை. தன் நகைக்கென்று வைத்திருந்த பணம் தனக்குத் தெரியாமல் போனதைத்தான் சொல்கிறார். இந்த இரண்டையும் ஒன்றாக்கி, ஆசைக்கும் கடமைக்கும் நடக்கும் போராக நீங்கள் எழுதியிருப்பதால் நடந்த தவறு சிறியதாகிவிடுகிறது.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய குடும்ப சிகிச்சையாளர் இவான் போசோர்மெனி-நாஜ், ஒவ்வொரு குடும்பத்திலும் யார் யாருக்கு என்ன கொடுத்தார், யாருக்கு என்ன பாக்கி என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பேரேடு ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கணக்கரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் 21 ஆண்டுகளாக உங்கள் வரவுகளை மனத்துக்குள்ளேயே எழுதி வந்திருக்கிறீர்கள். அதை யாரிடமும் காட்டியதில்லை. தம்பிக்கு அது கடன் என்றே தெரியாமல் இருக்கலாம், அண்ணன் பாசத்தில் கொடுத்தது என்றே நினைத்திருக்கலாம். தெரியாத கடனை ஒருவர் திருப்பித் தருவதில்லை. பாக்கி வரவில்லை என்ற ஆற்றாமை மட்டும் உங்களுக்குள் வளர்ந்து, கடைசியில் சீட்டுப் பணத்திலிருந்து நீங்களே உங்களுக்கு வசூலித்துக்கொண்டீர்கள்.

அந்தப் பேரேட்டில் ஒரு பதிவு தவறான பெயரில் இருக்கிறது. ஒன்பது பவுனை உங்கள் தியாகங்களின் வரிசையில் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் தம்பிக்காக உங்கள் மனைவி கொடுத்தது. கடிதம் முழுவதையும் இரண்டு முறை படித்தேன். படிப்பை நீங்கள் நிறுத்தியது இருக்கிறது, பீப்பாயைச் சுற்றி நடந்தது இருக்கிறது, அவர் எதை விரும்பினார், எதை விட்டார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அதை அவரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது இடையில் உங்கள் தரப்பை விளக்காதீர்கள். முதல் முறை அது கடினமாகத்தான் இருக்கும்.

கண்ணாடியை விற்றுவிடச் சொல்வேன் என்று பயந்திருந்தால், அது வேண்டாம். கனடிய உளவியலாளர் ராபர்ட் வாலராண்ட், 2003இல் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில், ஈடுபாட்டை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, வாழ்வின் மற்றப் பகுதிகளோடு இசைந்து இருப்பது. மற்றொன்று, அவற்றோடு மோதி மனிதரைத் தன் பிடியில் வைத்துக்கொள்வது. மாதக்கணக்காக ஒரு கண்ணாடியைப் பொறுமையாகத் தேய்க்கிறவரின் ஈடுபாடு முதல் வகையைச் சேர்ந்ததாகவே எனக்குப் படுகிறது. ஒளித்து வைக்கத் தொடங்கிய நாளில்தான் அது இரண்டாவது வகையின் பக்கம் சாய்ந்தது. வீட்டுச் செலவுக் கணக்கில், பால், மாத்திரை, பள்ளிச் செலவு ஆகியவற்றின் கீழே, வானத்துக்கென்று ஒரு தொகையை நீங்களும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். 300 ரூபாயாக இருந்தாலும் சரி. அதே அளவு தொகை அவர் விருப்பத்துக்கும் இருக்கட்டும்.

நண்பரின் திட்டத்தைப் பொறுத்தவரை, விடுதிக்கு ஒவ்வொரு மாதமும் லாப நட்டம் பார்க்கும் நீங்கள் இதற்கு மட்டும் ஏன் பார்க்கவில்லை என்று வியக்கிறேன். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கூட்டம் வரும் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலிலேயே மேகம் கவிந்து மழை இறங்கும் நாள்கள் பல. தெளிந்த வானத்தை நம்பக்கூடியவை ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களே. அவற்றில் வெள்ளி, சனி இரவுகள் சுமார் 26. நிலவொளி மிகுந்தவற்றைக் கழித்தால் எஞ்சுபவை ஏறக்குறைய 15. நிலவையே காட்டலாம் என்பீர்கள். காட்டலாம்தான், ஆனால் அதை நம்பி 27,000 ரூபாய் சம்பளத்தை விட முடியாது. பங்கு வேண்டாம், முதலீடும் வேண்டாம், ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு வருகிறேன் என்று நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். அவருடைய விடையிலேயே அவருக்குத் தேவை உங்கள் வானறிவா, உங்கள் 2,00,000 ரூபாயா என்பது தெரிந்துவிடும்.

உங்கள் வானாய்வகக் கதையில் நீங்கள் விட்டுவிட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் கொடைக்கானலில் கண்டறிந்த ஜான் எவர்ஷெட், 42 வயதில்தான் இங்கு வந்தார். அதற்கு முன் லண்டனில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் சொந்தக் கருவிகளைக் கொண்டு சூரியனை ஆராய்ந்தவர். அவருடைய மனைவி மேரியும் வானியலாளர். இதே மலையில் தாமும் சூரியனை ஆராய்ந்தவர். உங்களுக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வேலையோடு சேர்ந்திருந்த காலத்தை அவர் வீணான காலமாக நடத்தவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி வட்டி. 1,80,000 ரூபாய்க்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 2,700 ரூபாய். ஆறு ஆண்டுகளில் 1,94,400 ரூபாய். அசலைத் தாண்டிக் கட்டிவிட்டீர்கள், அசலோ அப்படியே நிற்கிறது. இதே கடனை வங்கி நகைக்கடனாக மாற்றினால், ஆண்டு வட்டியை 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 14,400 ரூபாய் மிஞ்சும். சீட்டில் மீதமுள்ள 28,000 ரூபாயை அசலில் கட்டுங்கள். தம்பிக்குத் தொலைபேசியில் குறை சொல்லாமல், அடகுச் சீட்டின் படத்தையும் இந்தக் கணக்கையும் அனுப்பி, மாதம் எவ்வளவு தர முடியும் என்று நேராகக் கேளுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வாங்குவதாக இருந்தால், 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டுக்கே வரும், அதையும் விசாரியுங்கள்.

நகையைத் திருப்பி வைக்க வேண்டிய அடுத்த தேதி எது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். நகைக்கு உரியவர் உங்கள் மனைவி என்பதால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். எவ்வளவு கடன், எத்தனை மாதத் தவணை என்பதை அவரே முடிவு செய்யட்டும்.