வங்கி பெயரில் மெயில்: நிஜமா, போலியா?

கேள்வி: ‘உங்கள் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள விவரம்) காலாவதியாகிவிட்டது, 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்’ என்று ஸ்டேட் பேங்க் பெயரில் மெயில் வந்தது. லோகோ எல்லாம் அச்சு அசல். லிங்கைத் தட்டினேன், பாஸ்வேர்டு கேட்டதும் மூடிவிட்டேன். போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல வேளை, மூடிவிட்டீர்கள். எதையும் டவுன்லோடு செய்து நிறுவவில்லை என்றால் பெரும்பாலும் பயமில்லை.

லோகோவை யாரும் நகலெடுக்கலாம். எழுத்துப் பிழையைத் தேடச் சொல்லும் பழைய அறிவுரையும் இனி செல்லாது. ஏஐ வந்த பிறகு மோசடிக்காரர்கள் வங்கியைவிட நன்றாகவே எழுதுகிறார்கள். போனில் அனுப்பியவர் பெயர் மட்டும்தான் தெரியும். அதைத் தட்டினால் முகவரி வரும். அது சம்பந்தமில்லாததாக இருந்தால் போலி. சரியாக இருந்தாலும் நம்பிவிட முடியாது, முகவரியையே பொய்யாகக் காட்ட வழி உண்டு.

லிங்கில்தான் குட்டு வெளிப்படும். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் தளங்களை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இது வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். உங்கள் வங்கிக்கு ‘எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்’. லிங்கைத் தட்டாமல் அழுத்திப் பிடித்தால் முழு முகவரி தெரியும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘பேங்க் டாட் இன்’னுக்குப் பிறகும் ‘டாட் கேஒய்சி-அப்டேட் டாட் காம்’ என்று நீண்டால் போலி. ‘பேங்க்’குக்கு முன் புள்ளிக்குப் பதில் சிறுகோடு இருந்தாலும் போலிதான். பூட்டுச் சின்னம்? அது மோசடித் தளத்திலும் இருக்கும்.

ஒரு சிக்கல்: கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி வங்கியும் நிஜமாகவே நினைவூட்டும். அதனால் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மெயிலை மூடிவிட்டு வங்கி ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள், இல்லையென்றால் கிளைக்குப் போங்கள்.

ஒருவேளை விவரம் கொடுத்திருந்தால், கார்டின் பின்னால் உள்ள எண்ணில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, நாமே பாஸ்வேர்டு கொடுத்துப் போன பணத்தில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது; தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் எண்ணையும் அழைத்த நேரத்தையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.