சல்லடை இருக்க 160 ரிங்கிட் எதற்கு?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். அண்ணன் வீடு ஏறக்குறைய 120 மீட்டர் தள்ளி. நடுவில் ஒரு வரிசை செம்பனை. அவருடைய வைஃபையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆனால் மகள் மடிக்கணினியில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) பாடத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இணையத்தில் '3 கிலோமீட்டர் எட்டும்' என்று ஓர் ஆன்டெனாவை 160 ரிங்கிட்டுக்கு விற்கிறார்கள். வாங்கலாமா? டின்னில் நாமே செய்யலாம் என்கிறார்களே?

பதில்: வாங்காதீர்கள். டின்னையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஆன்டெனா புதிதாக மின்சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி போல, நாலாபுறமும் சிதறுவதை ஒரு பக்கம் திருப்புகிறது, அவ்வளவுதான். அந்த 3 கிலோமீட்டர் கணக்கு வெட்டவெளிக்கு உரியது. மழையில் நனைந்த செம்பனை மட்டையிடம் செல்லாது. நானும் ஒருமுறை 40 ரிங்கிட் கொடுத்துத் தடித்த, நீளமான ஆன்டெனா ஒன்றை வாங்கி ஏமாந்தேன். பிளாஸ்டிக் உறையைப் பிளந்தால் உள்ளே விரல் நீளக் கம்பி, மீதியெல்லாம் காற்று.

டின் ஆன்டெனா நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அளவில் பிடிவாதமானது. குறுக்களவு 8.3 செ.மீ. என்றால், அடியிலிருந்து 6.2 செ.மீ. உயரத்தில் துளையிட்டு, 3.1 செ.மீ. செப்புக்கம்பியைப் பற்றவைக்க வேண்டும். குறுகலான டின் உதவாது. அதற்கேற்ற இணைப்பியும் கேபிளும் தேடி வாங்க வேண்டும். மெல்லிய கேபிள் 10 மீட்டர் ஓடினாலே சிக்னலில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

சமையலறையிலேயே நல்ல ஆன்டெனா தொங்குகிறது: எண்ணெய் வடிக்கும், மூங்கில் கைப்பிடி போட்ட கம்பிச் சல்லடை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; சல்லடைக் கண் ஒரு செ.மீ.க்குள் இருந்தால் அலைக்கு அது முழுத் தகடு மாதிரிதான். சிறிய யுஎஸ்பி வைஃபை அடாப்டரும் 3 மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியும் வாங்குங்கள். யுஎஸ்பி கம்பியில் போவது வானலை அல்ல, தரவு; ஆகவே அந்தக் கேபிள் நட்டம் இங்கே இல்லை.

அடாப்டரைச் சல்லடையின் குழிக்கு முன்னால், அலைகள் வந்து குவியும் இடமான குவியத்தில் நிறுத்த வேண்டும். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால், சல்லடையின் அடியிலிருந்து அந்த இடத்துக்கு உள்ள தூரம் கிடைக்கும். 30 செ.மீ. அகலம், 7 செ.மீ. ஆழம் என்றால் சுமார் 8 செ.மீ. ஐஸ்கிரீம் குச்சியில் கட்டி, சிக்னல் அளவைப் பார்த்தபடி விரற்கடை விரற்கடையாக நகர்த்துங்கள். அந்த அளவு டெசிபலில் (dBm) இருக்கும்; மைனஸ் 80 என்பது மைனஸ் 70 ஆனால் பத்து மடங்கு கூடியதாகக் கணக்கு. சல்லடையின் குழி அண்ணன் வீட்டைப் பார்க்கட்டும். முடிந்தால் இலைகளுக்கு மேலே, இல்லையேல் மரத்தண்டுகளுக்கு இடையே வழி தேடுங்கள். அண்ணன் ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இயங்குகிறதா என்றும் பாருங்கள்; 5 கிகாஹெர்ட்ஸ் இலைகளிடம் இன்னும் சீக்கிரம் தோற்றுவிடும்.

அடாப்டரில் சிரிம் (மலேசியத் தரச்சான்று நிறுவனம்) சான்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். பிறகு என்றாவது அந்த 160 ரிங்கிட் பொருளையே வாங்கினால், '3 கிலோமீட்டர்' விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள். ஏமாற்றப்பட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம்; வழக்கறிஞர் வேண்டாம்.

சல்லடையை ஜன்னலுக்கு வெளியே கட்டினால், மாலையில் இடி உறுமத் தொடங்கியதும் யுஎஸ்பி கம்பியை மடிக்கணினியிலிருந்து பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.