மனித உடலின் எலும்புகளைக் கூட்டினால் 213 வருகிறது, 206 வரவில்லையே?

அந்தக் கூடுதல் 7 முதுகெலும்பில்தான் இருக்கிறது. நீங்கள் முள்ளெலும்புகளை 33 என்று போட்டிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு 26 என்றே கணக்கு.

33 என்பது சிறுவயது எண்ணிக்கை. வளர வளர இடுப்புக்குக் கீழே உள்ள 5 சேர்ந்து ஒரே திருவெலும்பாகும். கடைசி 4 சேர்ந்து வாலெலும்பாகும். பல பாடநூல்கள் இதைச் சொல்லாமலே இரண்டு எண்களையும் கொடுத்துவிடுகின்றன, குழப்பம் வராமல் என்ன செய்யும்!

சரிபார்க்க: கழுத்து 7, மார்பு 12, இடுப்பு 5, திருவெலும்பு 1, வாலெலும்பு 1. அப்புறம் மண்டையோடு 22, காதுச் சிற்றெலும்புகள் 6, நாவடி எலும்பு 1, விலா 24, மார்பெலும்பு 1. மொத்தம் 80 வரவேண்டும். கைகால்கள், தோள், இடுப்பு வளையம் எல்லாம் சேர்த்து மீதி 126.

ஒன்று மட்டும்: 206 எல்லோருக்கும் அச்சாகப் பொருந்தாது. சிலருக்கு விலா ஒன்று கூடுதலாக இருக்கும். வாலெலும்பில் 3 முதல் 5 துண்டுகள்வரை இருக்கலாம். தேர்வில் 206 என்றே எழுதுங்கள்.