கிட்டார் ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் மாற்றலாமா? கேள்வி பதில்

கே: அண்ணா, என்னிடம் ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் ஆம்ப் (கிட்டார் ஆம்ப்ளிஃபயர்) இருக்கிறது. மேல் ஸ்தாயியில் வாசித்தால் காதைக் குத்துகிறது. ட்ரெபிளைக் குறைத்தால் மொத்தமும் மந்தமாகிவிடுகிறது. ஸ்பீக்கர் மாற்றினால் சரியாகுமா?

ப: சரியாக வாய்ப்பு அதிகம் தம்பி. ட்ரெபிள் குமிழ் ஒரு பெரிய பகுதியையே இறக்கிவிடும். காதைக் குத்துவதோ பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிதான். அங்கே எவ்வளவு தூக்கல் இருக்கும் என்பதை ஸ்பீக்கரின் கோன்தான் (முன்னும் பின்னும் அசையும் காகிதக் கூம்பு) பெரும்பாலும் முடிவு செய்கிறது. எல்லோரும் வாங்குகிறார்கள் என்று செலஸ்டியன் கம்பெனியின் விண்டேஜ் 30 ஸ்பீக்கரை வாங்கிவிடாதீர்கள். அதற்கு அந்த இடத்தில்தான் தூக்கலே. உங்கள் குறைக்கு அதே கம்பெனியின் கிரீன்பேக் மாதிரி மிருதுவான ஒன்று பொருந்தும்.

அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்தா வாசிக்கிறீர்கள்? 12 அங்குல ஸ்பீக்கரிலிருந்து ட்ரெபிள் நேர்கோட்டில்தான் பாயும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து கேளுங்கள். குத்தல் அடங்கிவிட்டால் ஆம்ப்பைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலே போதும்.

கே: சார், என் ஆம்ப் 8 ஓம். கடையில் 16 ஓம் ஸ்பீக்கர்தான் இருக்கிறதாம். போடலாமா?

ப: ஓம் என்பது ஆம்ப்பிலிருந்து வரும் ஒலி சிக்னலுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் போடலாம், கெடாது. ஆனால் பவர் ஏறக்குறைய பாதியாகிவிடும். 4 ஓம் போடுவதுதான் ஆபத்து. 8 ஓமுக்குக் கீழே போகக் கூடாத ஆம்ப்பாக இருந்தால் சூடேறி அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.

வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ளது) என்றால் கதை வேறு. உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் குறிப்பிட்ட ஓமுக்கென்றே சுற்றப்பட்டது, அதே ஓம்தான் போட வேண்டும். பின்பக்கம் 4, 8, 16 என்று தேர்வு செய்யும் வசதி இருந்தால் பிரச்சினையில்லை. ஸ்பீக்கரே இல்லாமல் மட்டும் வால்வு ஆம்ப்பை ஓட்டக் கூடாது. சுமை இல்லாததால் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி அதன் இன்சுலேஷனே உடைந்துவிடும்.

இன்னொன்று: மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழு ஓம் என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். மீட்டர் அளப்பது காயிலின் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) டி.சி. ரெசிஸ்டன்ஸ், அதாவது நேர்மின்னோட்டத்துக்கான தடை மட்டுமே.

கே: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 200 வாட்ஸ் பி.ஏ. ஸ்பீக்கர் (மேடை, கூட்டங்களில் வைப்பது) மலிவாகக் கிடைக்கிறது. என் ஆம்ப் 15 வாட்ஸ்தான். அதைப் போட்டால் சத்தம் கூடும் அல்லவா?

ப: கூடாது. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட்ஸ் அது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. சத்தத்துக்குப் பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்ற கணக்கு. கிரீன்பேக்குக்கு ஏறக்குறைய 98, விண்டேஜ் 30க்கு 100. இந்த 2 டெசிபல் வித்தியாசம், 15 வாட்ஸ் ஆம்ப்பை 24 வாட்ஸ் ஆக்கியதற்குச் சமம். 3 டெசிபல் என்றால் பவர் இரட்டித்த மாதிரி. வாங்கும்போது பலர் கவனிக்காத எண் இது. வீட்டில் மட்டும் வாசிப்பவர் இதே எண் குறைவாக உள்ளதைத் தேடலாம், அக்கம்பக்கத்தாருக்கும் நிம்மதி.

பி.ஏ. ஸ்பீக்கர் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சட்டென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷனில் (ஓவர்டிரைவ் போட்டு ஒலியை வேண்டுமென்றே சிதைப்பது) வரும் கரகரப்பை அப்படித்தான் அது வடிகட்டுகிறது. அப்படி இறங்காத ஸ்பீக்கரில் ஓவர்டிரைவ் போட்டால் தேனீக் கூட்டில் கை வைத்த மாதிரி இருக்கும்.

கே: அப்படியானால் 15 வாட்ஸ் ஆம்ப்புக்கு 15 வாட்ஸ் ஸ்பீக்கர் போதுமா?

ப: வால்வு ஆம்ப்பின் வால்யூமை முழுக்கத் திருகினால் குறிப்பிட்ட வாட்ஸைத் தாண்டியே தள்ளும். அதனால் 25 அல்லது 30 வாட்ஸ் எடுங்கள்.

கே: ஆல்னிகோ காந்தம் நல்லதா, செராமிக் நல்லதா?

ப: காந்தத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கோனும் காயிலும்தான் தொனியை அதிகம் மாற்றுகின்றன. ஆல்னிகோவில் கோபால்ட் சேர்வதால் விலை அதிகம், அவ்வளவுதான்.

கே: என்னுடையது 6 அங்குல ஸ்பீக்கர் உள்ள 10 வாட்ஸ் பயிற்சி ஆம்ப். மாற்றலாமா அண்ணா?

ப: வேண்டாம். நல்ல ஸ்பீக்கரின் விலை ஆம்ப் விலையைத் தொட்டுவிடும், பெட்டியும் சின்னது. பணத்தைச் சேர்த்து வைத்து ஆம்ப்பையே மாற்றுங்கள்.

கே: நானே கழற்றி மாட்டலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ப: மாட்டலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். வால்வு ஆம்ப்பில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம். அதனால் சேஸிஸ் (சர்க்யூட் உள்ள உலோகப் பெட்டி) பக்கம் கையே போகக் கூடாது, ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் கோனுக்குப் பக்கத்தில் போகும்போது இன்னொரு கையால் கோனை மறைத்துக்கொள்ளுங்கள். காந்தம் வெடுக்கென்று இழுக்கும், காகிதக் கோன் ஒரே குத்தில் கிழிந்துவிடும். ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கமே இறுக்கினால் ஃபிரேம் வளைந்து காயில் உரசும்.

கே: பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால்?

ப: ஒரே ஸ்பீக்கர் என்றால் எதுவும் கெடாது. இரண்டு இருந்து ஒன்று மட்டும் மாறினால் பேஸ் காணாமல் போய்விடும். சந்தேகமாக இருந்தால் வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனையை ஸ்பீக்கரின் பிளஸில், மைனஸை மைனஸில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் முன்னால் வந்தால் சரி. பழைய ஜே.பி.எல். ஸ்பீக்கர்களில் மட்டும் கோன் பின்னால் போகும். அதை இன்னொரு கம்பெனி ஸ்பீக்கரோடு சேர்த்துப் போடும்போது அதற்கு மட்டும் வயரை மாற்றிக் கொடுங்கள்.